பையோடு போன நடை

12.02.2011, சனிக்கிழமை இரவு

சீனி வருத்தத்துக்கு மாத்திரை மட்டும் போதாது, தினமும் நடக்க வேண்டும் என்று டொக்டர் சொல்லியிருந்தார். ஐம்பத்தெட்டு வயதில் இன்று காலைதான் முதன்முதலாக, நடப்பதற்கென்றே வெளிக்கிட்டேன். பேசாலைக் கடற்கரையில் மீன் வாங்க வந்த பக்கத்து வீட்டு றீற்றா என்னைக் கண்டு பதறிப்போனாள்.

“என்னக்கா, பையும் தூக்கிக்கொண்டு எங்க போறியள்? திரும்பவும் ஏதும் பிரச்சினையோ?”

அப்போதுதான் தோளைப் பார்த்தேன். காணி உறுதியும் பிள்ளைகளின் பிறப்புப் பத்திரங்களும் வைத்திருக்கிற பை. சண்டைக் காலத்தில் ஒவ்வொரு இடப்பெயர்விலும் முதலில் தூக்கியது அதைத்தான். வாசல் தாண்டும்போது கை தானாகவே எடுத்திருக்கிறது.

“சும்மா, உடம்புக்கு நடக்கிறன் பிள்ளை” என்றேன். அவள் சிரித்தாள். எனக்கு எரிச்சலாக வந்தது.

“நாளைக்குப் பாயையும் சட்டியையும் தூக்கிக்கொண்டு போ” என்று, வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னபோது என் மனுசன் பகிடி விட்டார்.

அந்தப் பையோடு வெளிக்கிட்டு, அன்றைக்கே வீடு திரும்பியது இன்றைக்குத்தான்.

ஒருநாளாவது வெறுங்கையை வீசிக்கொண்டு, திரும்பி வருவேனா என்ற நினைப்பே இல்லாமல் நடக்க ஆசையாக இருக்கிறது. பையை அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டுப் படுத்தேன். நித்திரை வரவில்லை. இப்போது எடுத்துத் தலைமாட்டில் வைத்திருக்கிறேன்.