ஒரு எல் குறைந்த மிளகு

மாசி, வியாழன் இரவு. செம்மேடு.

எங்கள் மிளகு விவசாயிகள் சங்கத்து வெப்சைட்டுக்கு இன்று நான்தான் பெயர் பதிந்தேன். கொல்லிமிளகு என்று ஆங்கிலத்தில் அடிக்கும்போது ஒரு 'எல்' விட்டுப்போயிற்று. பதிந்த பெயரை இனித் திருத்த முடியாதாம்.

சங்கத் தலைவி ராசாத்தியக்கா போனை வாங்கி எழுத்துக்கூட்டிப் படித்தார். "ஏங்கண்ணு, கோழிமிளகுன்னுல்ல வருது?" எல்லோரும் சிரித்தார்கள்.

"சரியான பேரை வேற யாரோ எடுத்துட்டாங்கக்கா" என்று சொல்லிவிட்டேன். நாக்குக் கூசவில்லை.

"அட உடு சாமி, அடுத்தவன் முந்திக்கிட்டா நீ என்ன பண்ணுவ?" என்று அக்கா காபி வாங்கிக் கொடுத்தார். அதையும் குடித்தேன்.

இப்போது தேடிப் பார்த்தேன். சரியான பெயரை இன்னும் யாரும் எடுக்கவில்லை. நான் எடுத்தால் பொய் வெளியே வந்துவிடும். எடுக்காவிட்டாலும், அக்காவுக்குத் தேடத் தெரியும்.