தலைகீழ் மீன்

ஜூன் 17, செவ்வாய்
விடியக்காலமே சாரல். துணி காயல. குற்றாலம் ரோட்டுல கார் வரிசை.
வாங்கணும்: உளுந்து, சோப்பு, வேப்பம்புண்ணாக்கு.
ஆத்து நடுத் திட்டுல நம்ம வயல், நாத்துப் பாவிப் பன்னிரண்டு நாள். போய்ப் பாத்தா திட்டு வாய்க்கால் காஞ்சு கெடக்கு. ரெண்டு பக்கமும் ஆறு நொங்கும் நுரையுமாப் போகுது! என்ன அநியாயம்.

ஜூன் 18, புதன்
காரணம் தெரிஞ்சிட்டு. எங்க வீட்டுக் கொத்தனார், என் புருசன்தான்!
பழைய கல் அணைக்கட்டு இப்போ பாதுகாக்கப்பட்ட சின்னம். மராமத்து வேலை இவுகளுக்கு. வாய்க்கால் தொடங்குற எடத்துல மீன் செதுக்கின கல்லு, எந்தக் காலத்துலயோ தலைகீழா வச்சது. இவுக மனசு கேக்காம நிமித்தி வச்சிட்டாக. அது மேல்விளிம்புல இருந்த வெட்டு வழியாத்தான் திட்டுக்குத் தண்ணி. இப்போ வெட்டு அடியில, சுண்ணாம்புக்குள்ள.
"ஏட்டி, மீனு தலைகீழாவா நிக்கும்?"
"நாத்து காஞ்சா நீங்க நில்லுங்க தலைகீழா."
சாப்பிடாமப் போயிட்டாக. ரசம் பிரமாதம், எனக்கு மட்டும்.

ஜூன் 19, வியாழன்
வெயில். குடத்துல சுமந்து ஊத்தினேன். இடுப்பு போச்சு.
அணைக்கட்டைப் பாக்குற தொல்லியல் ஆபீசரம்மாட்ட போய்ச் சொன்னேன். தங்கமானவங்கதான். ஆனா, "முன்னாடி தலைகீழா இருந்ததுக்கு ஆதாரம் வேணும்மா. இல்லாம தொடக்கூடாது." வேலைக்கு முன்னாடி அவங்க எடுத்த போட்டோவுல அந்தக் கல்லை மறைச்சு ஒரு சேலை காயுது. யாரு சேலை? என் மஞ்சச் சேலை! நல்லா வேணும் எனக்கு.
இவுக போன்ல பழைய படம் இருக்கு. காட்டினா வேலை போயிரும்னு பயம். நான் கேக்கல. பாவமா இருந்துச்சு.

ஜூன் 20, வெள்ளி
நாத்து நுனியெல்லாம் மஞ்ச. வரப்புல உக்காந்து அழுதுட்டேன். இவுக பாத்துட்டாக.
மத்தியானம் தானாப் போயி ஆபீசரம்மாட்ட போனை நீட்டிட்டாக. "நான்தாம்மா திருப்பி வச்சேன். கேக்காமச் செஞ்சது தப்பு." நல்லா ஏச்சு வாங்கினாக. வேலை போகல. மேலிடத்துல கேட்டுச் சொல்லுதேன்னாங்களாம்.
ராத்திரி இவுகளுக்கு ரெண்டு தோசை கூட வச்சேன்.

ஜூன் 21, 22
குடம். குடம். இப்போ ஒரு குடம் இவுகளும்.

ஜூன் 24, செவ்வாய்
சாரல். அனுமதி வந்துட்டு. ஆபீசரம்மா குடை பிடிக்க, இவுக கையாலயே கல்லைத் திருப்பினாக. பத்தரைக்கு வாய்க்கால்ல தண்ணி! கால் நனைய நின்னேன். எனக்கு வாய் கொள்ளாத சிரிப்பு.
இவுக ஸ்டேட்டஸ்ல புதுப் படம். எவனோ கேட்டிருக்கான், "கொத்தனாரே, மீனைத் தப்பா வச்சிருக்கீரே?"
இவுக பதில்: "ஆமா. தண்ணி சரியாப் போகுது."