இடி இடித்தால் கழட்ட வேண்டும்

ஒக். 9, வியாழன்

காலையில் பனி. கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் பஸ் நின்றபோது கீழே ஆறு தெரியவேயில்லை.

அலுமாரிக்கு மேலிருந்து ஸ்லோ குக்கரை, கரண்டில் மெதுவாக வேகவைக்கும் சட்டியை, இறக்கினேன். ஏழு மாதத் தூசி. கடுகண்ணாவையில் வெளிநாடு போன ஒரு குடும்பம் தர்ஷி அப்பாவுக்குக் கொடுத்துவிட்டுப் போனது. அந்த வீட்டுக்கு வயரிங் செய்தது அவர்தான். சதுரப் பிளக்கை வெட்டி எறிந்து நம்ம ஊர்ப் பிளக் போட்டுத் தந்தார். அவர் கண் மூடிய பிறகு யாரும் தொடவில்லை.

இப்போது இறக்கிய காரணம் மாமா. சொந்த ஊர் கலஹாவுக்கே திரும்பிப் போகிறாராம். நேற்று பிளேன்டீ குடித்துக்கொண்டே சொன்னார். "தம்பி வீட்டுல படுக்க ஒரு காம்பரா சும்மாதான் கெடக்கு. மகன் இருந்தான், இருந்தேன். இனி என்னத்துக்கு புள்ள?"

புருஷனே இல்லை, புருஷனின் அப்பாவைப் பிடித்து வைக்க நான் யார். ஆனால் அவரும் போய்விட்டால் இந்த வீட்டில் தர்ஷி அப்பாவின் மூக்கும் நடையும் யாரிடமும் இருக்காது. மகள் தர்ஷி என் ஜாடை.

ஏழு மாதமாக மூன்று பேரும் மூன்று நேரத்தில் சாப்பிடுகிறோம். மாமாவுக்குப் பேக்கரிப் பாண். தர்ஷிக்கு பிஸ்கட். நான் மூக்குக்கண்ணாடிக் கடை வேலை முடிந்து ஆறரைக்கு வந்து நின்றுகொண்டே எதையாவது. ஒரு சூடான சாப்பாடு மேசையில் இருந்தால் அவர் மனம் மாறாதா? சட்டியைக் காட்டி மனுஷனைக் கட்டிப்போடப் பார்க்கிறேன். தெரிகிறது.

சூப்புக்குப் போட்டது:
மைசூர்ப் பருப்பு 1 கப்
வட்டக்காய் (பூசணி) ஒரு கீற்று
கரட் 2, கிழங்கு 2
லீக்ஸ், பச்சை இலைப் பக்கம் மட்டும் (எல்லோரும் எறிவது)
கோழி எலும்பு. கோழிக் கடை நானா: "கழுத்தும் போட்டிருக்கேன் தங்கச்சி, நல்லா சாறு எறங்கும்."
இஞ்சி, மிளகு, ரம்பை இலை

காலை 7க்கு 'லோ'வில் வைத்தேன். மாமா சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "நெருப்பும் இல்ல, சத்தமும் இல்ல. தூங்குமூஞ்சிச் சட்டி."

வரும்போது படியிலேயே வாசனை. மூன்று பேரும் ஒன்றாக உட்கார்ந்தோம். மாமா இரண்டு கோப்பை.

ஒக். 12, ஞாயிறு

துணி காயவில்லை. தர்ஷி அப்பாவின் போனை சார்ஜ் போட்டேன். ஞாயிறுதோறும் போடுகிறேன். நம்பர் போய்விடக் கூடாதென்று காசு போட்டு ரீலோடும். யாரிடமும் சொல்வதில்லை. அலுமாரியில் அவர் சேர்ட்டுகளுக்குக் கீழே வைத்தேன். தர்ஷி பார்த்தாள், பார்க்காத மாதிரிப் போனாள்.

மழைக்காலம் வந்தால் அந்தப் போனில் இருந்துதான் எனக்கு அழைப்பு வரும். எங்கே வேலையில் நின்றாலும் இடி கேட்டவுடன் எடுப்பார். ஹலோ கிடையாது. "கழட்டியாச்சா?" டீவி, பிரிட்ஜ், அயன், எல்லாப் பிளக்கும். இடி இறங்கி எரிந்த வீடுகளை அவர் எத்தனை பார்த்தவர். "ஆச்சு" என்பேன். பாதி நாள் பொய். அதற்காக இப்போது அழுகை வருகிறது.

மாமா சனிக்கிழமை போவதாகத் தர்ஷியிடம் சொல்லியிருக்கிறார்.

ஒக். 13, திங்கள்

நான் செய்தது சரியில்லை. எழுதி வைக்கிறேன்.

இன்றும் சூப் வைத்துவிட்டுப் போனேன். பன்னிரண்டு மணிக்கே இடி. நாலு வரை உறுமிக்கொண்டேயிருந்தது. கடையில் கரண்ட் இரண்டு முறை போய் வந்தது. ஆறரைக்கு வீட்டுக்கு வந்தால் வாசனை இல்லை. மூடியைத் திறந்தேன். மேலே நுரை, கீழே வேகாத கிழங்கு, புளித்த வாடை. பிளக் மேசையில் கிடந்தது. வயரை அழகாகச் சுருட்டி ரப்பர் பேண்ட் வேறு.

"யாரு உங்களைக் கழட்டச் சொன்னது? ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா?"

"எதுல கேக்க?" என்றார் மாமா. அவருடைய பட்டன் போன் செத்து எத்தனையோ நாள். புதுசு வாங்கித் தருவதாகச் சொன்னவள் நான்.

பிறகு மெதுவாக: "இடி இடிச்சிச்சி புள்ள. அவன் கழட்டச் சொல்லுவான்ல."

முழுச் சட்டியையும் கொட்டினேன். எலும்பைப் பூனை கூடத் தொடவில்லை. மாமா பாண் தின்றார். அதன்பின் அவருடைய பேக் வாசலுக்கு வந்துவிட்டது. மேலே குடை.

ஒக். 14, செவ்வாய்

மழை. செவ்வாய், மச்சம் மாமிசம் இல்லை. பருப்பும் சோறும்.

மாமாவிடம் மன்னிப்புக் கேட்க மூன்று தரம் வாயெடுத்தேன். மூன்று தரமும் "டீ போடவா மாமா" என்றுதான் வந்தது. இரண்டு டீ குடித்தார். மூன்றாவதை வேண்டாமென்றார்.

தர்ஷி தலை பின்னும்போது: "அப்பா இருந்திருந்தா உங்களுக்குத்தான் ஏசியிருப்பாரும்மா."

ஆமாம். ஏசட்டும். வந்து ஏசட்டும்.

ஒக். 16, வியாழன்

காலையில் வெயில், நம்ப முடியாத வெயில். கடைசித் தடவையாக ஒரு சூப். ஏழு மணிக்கு வைத்தேன். பிளக்கைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. கழட்டினால் கழட்டட்டும்.

இரண்டே முக்காலுக்கு வானம் கறுத்தது. ஒரு டீச்சருக்குப் பிரேம் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். கட்டுகஸ்தோட்டைப் பக்கம் முதல் இடி. மேசையில் என் போன் அடித்தது.

திரையில் 'தர்ஷி அப்பா'.

பிரேமைக் கீழே வைத்தேனா, டீச்சர் வாங்கினாரா, தெரியாது. பச்சைப் பொத்தானை அழுத்தினேன்.

"கழட்டவா?"

ஹலோ இல்லை. போனில் மாமாவின் குரல் தர்ஷி அப்பாவின் குரலேதான். இத்தனை வருஷம் மாமாவோடு நான் போனில் பேசியதேயில்லை, அதனால் தெரியவில்லை.

"புள்ள? கேக்குதா? தர்ஷி எடுத்துக் குடுத்திச்சி. ரெண்டாவது இடி வந்திரிச்சி. கழட்டவா, வேணாமா?"

"கழட்டுங்க மாமா."

"சூப்பு?"

"வந்து அடுப்புல வச்சுக்கலாம். நான் அன்னைக்குப் பேசுனது தப்பு. சனிக்கிழமை போகாதீங்க."

"இடி நேரத்துல போன்ல பேசக் கூடாதுன்னு சொல்லுவான். வக்கிறேன்."

வைத்துவிட்டார். டீச்சர் தண்ணீர் போத்தலை நீட்டினார். சிங்களத்தில் என்னவோ கேட்டார். மழை என்றேன்.

ஆறரை. பிளக் மேசையில், வயரில் ரப்பர் பேண்ட். சூப் முக்கால்வாசி வெந்திருந்தது, கெடவில்லை. காஸ் அடுப்பில் நன்றாகக் கொதிக்க வைத்தேன். பேக் இன்னும் வாசலில்தான். குடை மட்டும் பழைய ஆணியில்.

மாமா மூன்று கோப்பை. "தீபாவளி கழியட்டும், பாப்பம்."

போனை மறுபடி அலுமாரியில் வைக்கப் போனேன். தர்ஷி வாங்கி மாமாவின் கட்டிலருகே சார்ஜில் போட்டாள்.

"இனி தாத்தாதான் பேசப் போறாரு. உங்க போன்ல பேரை மாத்தவாம்மா?"

வேண்டாம் என்றேன்.