மூன்று மணி நேரத் தூரம்

என் தங்கமான பேரனுக்குப் பாட்டி எழுதுவது. நீ அங்கே உடம்பும் வேலையுமாக நன்றாயிருக்க வேண்டும். நான் நலம் என்று எழுதக் கை வரவில்லை. போனில் பேசினால் உன் அப்பன் பக்கத்தில் வந்து நிற்கிறான். அதனால்தான் இந்தக் கோழிக் கிறுக்கல்.

உன் அக்காளைக் கட்டிக்கொண்டு போனவன் என்ன சொன்னான்? "மூணு மணி நேரந்தான் பாட்டி, காலைல ப்ளேன் ஏறினா மத்தியானச் சாப்பாட்டுக்கு இறங்கிடலாம்" என்றான். பாட்டி என்று கூப்பிட்டானே தவிர என் முகத்தைப் பார்க்கவில்லை. அதை நான் மறக்கவில்லை.

நம் வீட்டில் யார் பயணம் போனாலும், போய்ச் சேர்ந்த சேதி வரும்வரை நான் சாப்பிடுவதில்லை என்பது உனக்குத் தெரியும். கேலி பண்ணுவாயே! அன்று மத்தியானம் போனது, ராத்திரி போனது, பட்டினி கிடந்தேன். மறுநாள் உச்சி வெயிலில்தான் உன் அக்காளிடமிருந்து போன் வந்தது. "பாட்டி, ரெண்டு ப்ளேன் மாறினோம், ரெண்டு வேளை சாப்பாடு போட்டாங்க. இங்க ஒரே இருட்டு, ஜன்னல்ல ஒண்ணும் தெரியல" என்றாள். யாரோ போனை வாங்கி வைத்துவிட்டார்கள்.

மாடியில் குடியிருக்கும் பெண்ணுக்கு விமான நிலையத்தில் டிக்கெட் பார்க்கும் வேலை. அவளிடம் கேட்டேன். "அவர் சொன்ன ஊருக்கு நேர் விமானம் பாட்டி. எதிர்க்காத்து அடிச்சாலும் அரை மணி கூட ஆகும், அவ்வளவுதான். இங்க பகல்னா அங்கயும் பகல்தான்" என்றாள். சொல்லிவிட்டு அவளே வாயைப் பொத்திக்கொண்டாள்.

உன் அப்பனிடம் சொன்னேன். "உனக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா இரும்மா" என்றான். பத்தாவதில் தோற்றதை மறைத்தானே, அன்றைக்கு வைத்திருந்த அதே முகம். பெற்றவளுக்குத் தெரியாதா?

அக்காள் அப்புறம் ஒரே ஒரு தடவை பேசினாள். "எல்லாரும் நல்லா கவனிச்சுக்கறாங்க" என்றாள். புருஷனும் பெண்டாட்டியும் மட்டும் போன வீட்டில் எல்லாரும் என்றால் யார்? கேட்டேன். உடனே போன் அறுந்துவிட்டது.

இப்போது அக்காளுக்குத் துணை வேண்டுமாம், உன் தங்கை சின்னவளை அனுப்பச் சொல்கிறானாம் அந்த மாப்பிள்ளை. வெள்ளிக்கிழமைக்கு டிக்கெட் வந்துவிட்டது. "மூணு மணி நேரந்தானே, போயிட்டு வரட்டும்" என்கிறான் உன் அப்பன். அவள் புதுச் செருப்பு வாங்கிவிட்டாள், பாவி.

காலையிலிருந்து வீட்டைப் புரட்டிப் போட்டு அவள் பாஸ்போர்ட்டைத் தேடுகிறார்கள். எனக்கு முதுகுப் பிடிப்பு, எழுந்திருக்க முடியாது என்று சொல்லிவிட்டேன். நான் படுத்திருக்கும் மெத்தைக்கு அடியில் கை விடுவதற்கு இன்னும் யாருக்கும் துணிச்சல் வரவில்லை.

நூறு வயசு நன்றாயிரு ராசா. வெள்ளிக்கிழமைக்கு முன்னால் வந்துவிடு. அதற்குமேல் இந்தக் கிழவியைத் தூக்கிப் போட அவர்களுக்கு எவ்வளவு நேரமாகும்?

உன் பாட்டி