ஊன்றுகோலுக்கு வார்த்த பூண்

பாவா,

பக்கத்து வீட்டில் குப்பையோடு பாலிதீன் பைகளையும் சேர்த்துக் கொளுத்துகிறார்கள். மெழுகுவர்த்தி அணைந்ததுபோன்ற அந்த வாசனை ஜன்னல் வழியாக வந்ததும் கையிலிருந்த நாளிதழை மடித்து வைத்துவிட்டேன். உலக யுத்தம் முடிந்த புதிதில் உங்கள் வீட்டுப் பின்கட்டில்தான் இதை முதலில் முகர்ந்தேன்.

நீங்கள் அப்போது டூரிங் கொட்டாயில் படம் ஓட்டும் வேலையில் இருந்தீர்கள். ராணுவம் கழித்துப்போட்ட கேபிளைச் செம்புக்காக ஒரு மூட்டை வாங்கிவந்து, மேலுறையைத் தீயில் வாட்டி உரித்துக்கொண்டிருந்தீர்கள்.

"இது இன்னா பாவா, மெழுகா?"

"மெழுகுன்னா ஒடையணுமே, டீச்சரம்மா. இது வளையுது பாரு."

நான் அப்போது ஆசிரியப் பயிற்சியில்தான் இருந்தேன். பட்டத்தை நீங்கள் முன்கூட்டியே கொடுத்துவிட்டீர்கள்.

உங்கள் மனைவி, என் அக்கா, சிறுவயதுக் காய்ச்சலில் ஒரு கால் சூம்பிப் போனவள். ஆடிக் கிருத்திகைக்குத் தன் காலாலேயே மலைப்படி ஏற வேண்டும் என்பது அவள் வேண்டுதல். ஆனால் ஊன்றுகோலின் முனை கல்லில் வழுக்கியது. ரப்பர் கிடைக்காத காலம் அது. அந்த வெள்ளை உறையை உருக்கி, மண் அச்சில் ஊற்றி, கோலின் அடியில் மாட்ட ஒரு பூண் செய்தீர்கள். சீக்கிரம் மாட்டிப் பார்க்கும் ஆசையில் அச்சோடு குளிர்ந்த நீரில் போட்டீர்கள்.

பாதி மலையில் அது நசுங்கியது. உள்ளே ஒரே பொள்ளல், ஓட்டை ஓட்டையாக. அக்கா படியில் உட்கார்ந்து சிரித்தாள்: "உன் கொட்டாய் மாதிரியே பாவா, பாதியில ரீலு அறுந்துபோச்சு!"

நீங்கள் சிரிக்கவில்லை. "இந்த தபா அவசரப்படல" என்று, அடுத்த பூணைச் சூடான சாம்பலில் புதைத்து இரவெல்லாம் விட்டீர்கள். காலையில் அது எலும்புபோல வெளுத்து, கெட்டியாக இருந்தது. அடுத்த கிருத்திகைக்கு அதை மாட்டிக்கொண்டு ஏறினாள். கல்லில் பட்டுப் பட்டு அது விரிசல்விட்டுத் தெறித்தது. அவள் சாயும்போது நீங்கள் பிடித்துக்கொண்டீர்கள்.

"வா, தூக்கிகினு போறேன்."

"வேணாம். என் கால்ல வர்றேன்னுதான் வேண்டிகினேன்."

பாதியிலேயே இறங்கி வந்ததும் மீதி உறையையெல்லாம் காயலான்கடைக்காரனிடம் போட்டீர்கள். "என் கைக்கு ராசி அவ்ளோதான்" என்றீர்கள்.

நீங்கள் போய்ச் சேர்ந்து பல வருடங்கள் கழித்து, விடுமுறைப் பயிற்சி ஒன்றில் இதன் காரணத்தைக் கேட்டேன். அந்த வெள்ளை உறையும் பாலிதீன்தானாம், அது முழுக்க நீளநீளமான நூல்களாம். வகுப்பில் நான் இப்படிச் சொல்வேன்: மணி அடித்த பின் நேரம் கொடுத்தால் பிள்ளைகள் வரிசையில் நிற்பார்கள், அதட்டினால் இருந்த இடத்திலேயே உட்கார்ந்துவிடுவார்கள். மெல்ல ஆறினால் நூல்கள் மடிந்து மடிந்து ஒழுங்காக அடுக்கிக்கொள்ளும். பொருள் கெட்டியாகும், ஆனால் அடி தாங்காது. சட்டென்று குளிர்ந்தால் பல நூல்கள் சிக்கலாகவே உறைந்துபோகும். பொருள் மிருதுவாக இருக்கும். கனமான துண்டாக இருந்தால் மேல்தோல் முதலில் இறுகிவிடும். பிறகு சுருங்கும் உள்பகுதிக்கு இழுத்துக்கொள்ள எதுவும் இல்லாமல் நடுவில் பொள்ளல் விழும்.

இப்போது மருந்துக்கடையிலேயே ரப்பர் பூண் கிடைக்கிறது. போன ஆடியில் ஒன்று வாங்கி அக்காவிடம் நீட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இப்ப எதுக்குடி? அவர் பக்கத்துல வரணும்ல" என்று ஜன்னல் மேல் வைத்துவிட்டாள்.

ராசி ஒன்றும் இல்லை பாவா. உங்கள் கையிலும் குற்றமில்லை. குளிர்ந்த நீருக்கும் சாம்பலுக்கும் நடுவே, மிதமான சூட்டில் ஆறவிட்டிருந்தால் போதும். இத்தனை பிள்ளைகளுக்குச் சொல்லியும், சொல்ல வேண்டிய ஒருவருக்குச் சொல்லாத பாரம் இன்னும் என்னிடமே இருக்கிறது. பூண் வார்க்க நீங்கள் குந்தியிருந்த இடத்திலிருந்து கைக்கெட்டும் தூரத்தில்தான், குளிக்க வைத்த வெந்நீர் அண்டா இருந்தது.