பேனல் கதவில் உன் கட்டைவிரல்

இன்று காலை ரஸ்க் அடுப்பின் பழைய மின் பேனலைக் கழற்றினோம். எங்கள் வாடிப்பட்டித் தொழிற்சாலைக்குப் பெரிய அடுப்பு வந்துவிட்டது, அதற்குப் புதுப் பேனல். கடைசியாக ஒருமுறை பழைய பேனலின் கதவைத் திறந்தேன். உள்பக்கம், கைப்பிடிக்குச் சற்று மேலே, காய்ந்து வெளுத்த உன் கட்டைவிரல் அச்சு. அதன் கீழே குங்குமப் பொட்டு. போன ஆயுத பூசைக்கு வைத்தது. நீ போய் இரண்டு வருடம் ஆகிவிட்டது. உனக்கு இன்னும் பொட்டு வைக்கிறார்கள் என்று சொன்னால் நீ எப்படிச் சிரிப்பாய் என்று நினைத்துக்கொண்டு அங்கேயே நின்றேன்.

ஹீட்டருக்கு மின்சாரத்தை விட்டு நிறுத்துகிற ரிலேயின் சூடு அலுமினியக் கட்டைக்கு இறங்குவதற்காக இடையில் தடவுகிற வெள்ளைப் பசை அது. மற்றவர்கள் அட்டைத் துண்டால் தடவுவார்கள். நீ கட்டைவிரலால் தடவுவாய். முடித்ததும் விரலைத் துணியில் துடைக்கிற பழக்கம் உனக்கு இல்லை. கதவின் உள்ளே ஓர் அழுத்து. "கையெழுத்துப் போட்டாச்சு, போயிட்டு வாரேன்" என்று பையைத் தூக்கித் தோளில் மாட்டுவாய். பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரிகல் பிரிவில் நாம் இரண்டே பெண்கள். லேப் நோட்டிலும் இதே பசைக் கறைதான். அதற்காக நீ வாங்கிய திட்டில் பாதி எனக்கும் விழுந்தது, பக்கத்தில் உட்கார்ந்த பாவத்துக்கு.

நான் இந்தத் தொழிற்சாலையில் பராமரிப்பு வேலைக்கு வந்தேன். நீ திருப்பரங்குன்றத்தில் தகரக் கொட்டகை போட்டு, உன் பெயரில் பேனல் கட்ட ஆரம்பித்தாய். யார் போன் செய்தாலும் உன் முதல் கேள்வி, "என்ன லோடு?" ஹீட்டரா, மோட்டரா, டிரான்ஸ்பார்மரா என்று தெரியாமல் ரிலேயைப் பற்றிப் பேசவே மாட்டாய். "ஹீட்டருக்குள்ளத தூக்கி டிரான்ஸ்பார்மருக்கு மாட்டுறது, அண்ணன் சட்டையத் தம்பிக்குப் போட்ட மாதிரிடி. போட்டுக்கலாம். ஆனா தொங்கும்" என்பாய். வீட்டுக் கவலையோடு நான் கூப்பிட்டாலும் அதே கேள்விதான். "சொல்லு, இன்னைக்கு என்ன லோடு?" என் மாமியாரில் தொடங்கி என் மகனின் கணக்குப் பரீட்சை வரை எத்தனையோ லோடுகளை உன்னிடம் இறக்கியிருக்கிறேன். ஒன்றைத் தவிர.

அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

அப்போது அடுப்பில் பழைய கான்டாக்டர்தான், முனைகள் ஒட்டிப் பிரிகிற பெரிய சுவிட்சுதான், இருந்தது. ஹீட்டரைப் போட்டு அணைத்து, போட்டு அணைத்து, நாள் முழுக்க 'டக் டக்' என்று அடித்துக்கொண்டே இருக்கும். மாதம் தவறாமல் அதன் முனைகள் கருகும். முதலாளிக்கு அலுத்துப்போய், "எஸ்.எஸ்.ஆர்.னு ஒன்னு இருக்காமே, சத்தமும் போடாதாம், தேயவும் தேயாதாம். அத மாட்டுங்கம்மா" என்றார். நான் கெட்டிக்காரி இல்லையா, உன்னைக் கேட்காமலேயே வாங்கி வைத்துவிட்டேன். ஹீட்டர் இழுப்பது இருபது ஆம்பியர். இருபத்தைந்து ஆம்பியர் என்று மேலே எழுதியிருந்த ஒரு எஸ்.எஸ்.ஆரை, அசையும் முனையே இல்லாத ரிலேயை, வாங்கினேன்.

நீ பஸ்ஸில் வந்து இறங்கி, அதைக் கையில் வைத்துப் புரட்டிப் பார்த்தாய். "இருபத்தஞ்சு போட்டிருக்கான், சரி. எந்த ஊர்ல வச்சுப் போட்டான்? அடுப்புக்குப் பக்கத்துல, இம்புட்டு வெக்கையில, இது பாதிதான்டி தாங்கும்." நாற்பது ஆம்பியர் ரிலேயும் பெரிய அலுமினியக் கட்டையும் ஒரு மின்விசிறியும் வேண்டும் என்றாய். சரி என்றேன். அடுத்து, "முன்னாடி ஒரு கான்டாக்டர் வேணும்" என்றாய்.

அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. கான்டாக்டர் வேண்டாம் என்றுதானே இதற்கு வந்தோம்? மறுபடியும் அதையே மாட்டினால் முதலாளி முகத்தில் எப்படி விழிப்பது?

"இது தினம் அடிக்கிற கான்டாக்டர் இல்லடி. காவலுக்கு. இந்த ரிலே இருக்கே, செத்தா பெரும்பாலும் அணைஞ்சு சாகாது, எரிய விட்டுட்டுத்தான் சாகும். அப்ப வெளிய இருந்து கரண்ட அறுத்து விட ஒரு ஆளு வேணும்ல?"

"அதெல்லாம் சாகாது. நான் பாத்துக்கிருவேன்" என்றேன்.

மதியச் சாப்பாடு ஆறும்வரை சண்டை போட்டோம். கடைசியில் நீ விட்டுக்கொடுத்தாய். ஆனால் பேனல் தட்டில் ரிலேக்கு மேலே ஒரு சாண் இடத்தைக் காலியாக விட்டு, நான்கு துளையும் போட்டு வைத்தாய். "எடம் விட்டு வச்சிருக்கேன். ஒனக்குப் புத்தி வரும்போது மாட்டிக்க." கதவில் கட்டைவிரலை அழுத்திவிட்டுப் போனாய்.

அந்த வருட ஆயுத பூசையில் நடந்த கூத்து நினைவிருக்கிறதா? அடுப்பு ஓட்டுகிற செல்வி அக்கா பேனலைத் திறந்து, உன் விரல் அச்சைத் திருநீறு என்று நினைத்து, அதன் கீழே பயபக்தியோடு குங்குமம் வைத்துவிட்டார். பொரி வாங்கிப் போக வந்திருந்த நீ வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாய். "சொல்லிறாதடி, அந்தக்கா மனசு கஷ்டப்படும். ஞாயித்துக்கிழமை கோயில்ல ஏசப்பாட்ட நான் பேசிக்கிறேன்" என்றாய். பொரிப் பொட்டலம் குலுங்கக் குலுங்கச் சிரித்தாய்.

அடுத்த கோடையில் ரிலே செத்தது, நீ சொன்னபடியே. மின்விசிறியின் வலையில் மைதா மாவு அடைத்துக்கிடந்தது. அதை வாரம் ஒருமுறை சுத்தம் செய்ய வேண்டியவள் நான். மூன்று வாரமாகத் தொடவில்லை. வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவி 'அணை' என்று சொல்லிக்கொண்டே இருந்தது, ஹீட்டர் எரிந்துகொண்டே இருந்தது. பழைய கான்டாக்டர் இருந்த காலத்தில் 'டக்' சத்தம் கேட்காவிட்டாலே செல்வி அக்கா எட்டிப் பார்ப்பார். இப்போது எரிந்தாலும் சத்தம் இல்லை, அணைந்தாலும் சத்தம் இல்லை. தீய்ந்த வாடை வந்த பிறகுதான் அவர் அடுப்புக் கதவைத் திறந்தார். உள்ளிருந்து வந்த அனல் அவருடைய வலது முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை பொசுக்கிவிட்டது.

மறுநாள் முதலாளி அறையில் நாம் இருவரும் நின்றோம். "யாரும்மா பேனல் கட்டுனது?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் நீ சொல்லிவிட்டாய்: "நான்தான் சார். காவலுக்குக் கான்டாக்டர் வச்சிருக்கணும். வைக்கல."

நான் வாயைத் திறப்பதற்குள் என்று எழுதினேன் அல்லவா, அது பொய். வாயைத் திறக்க எனக்கு நேரம் இருந்தது. முதலாளி உன்னை இனி இந்தப் பக்கம் வர வேண்டாம் என்று சொல்லி முடிக்கும் வரை நேரம் இருந்தது. நான் தரையின் டைல்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வெளியே வந்ததும், "எனக்கு நாலு பேக்டரி இருக்குடி, ஒனக்கு இது ஒன்னுதான" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினாய். அதற்குப் பிறகு ஒரு நாளும் அதைப் பற்றி நீ பேசவில்லை. நானும் பேசவில்லை. நீ பேசாதது பெருந்தன்மை. நான் பேசாதது என்ன என்று உனக்கே தெரியும்.

அன்று சாயங்காலமே கான்டாக்டர் வாங்கி வந்து, நீ விட்டுப்போன இடத்தில் வைத்தேன். நான்கு திருகும் நீ போட்ட நான்கு துளையில் சரியாக உட்கார்ந்தன. ஸ்குரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டு அழுதேன்.

ஆஸ்பத்திரியில் கடைசியாக உன்னைப் பார்த்தபோது, குரல் பாதியாகிப்போயிருந்த அந்த நிலையிலும் கேட்டாய்: "என்ன லோடு?" ஒன்றுமில்லை என்றேன். "பொய். எதையோ தூக்கிக்கிட்டு வந்திருக்க. எறக்கி வச்சிட்டுப் போ." நான் உன் போர்வையைச் சரிசெய்தேன், ஆரஞ்சுப் பழத்தை உரித்தேன், நர்ஸ் வந்து நேரமாகிவிட்டது என்று சொன்னதும் தப்பித்தோம் என்று எழுந்து வந்தேன்.

இன்று காலை பேனலுக்கு முன்னால் செல்வி அக்காவும் நின்றார். கதவையும் பழைய இரும்போடு போட்டுவிடுவார்களே என்று அவருக்குக் கவலை. "சாமி இருக்குற கதவும்மா" என்றார். எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. சொல்லிவிட்டேன். அக்கா, இது திருநீறு இல்லை, அவள் விரல். அன்றைக்குக் கான்டாக்டர் வேண்டாம் என்றது அவள் இல்லை, நான். மாவைச் சுத்தம் செய்யாததும் நான். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன்.

செல்வி அக்கா தன் கையில் சுருங்கிக் கிடக்கிற தோலைத் தடவிக்கொண்டார்.

"திருநீறு இம்புட்டு வருசம் உதிராம ஒட்டியிருக்குமாம்மா? அது எனக்கு எப்பவோ தெரியும். நான் கட்டுப் போட்டுக் கெடந்தப்ப அந்தப் புள்ள வீடு தேடி வந்துச்சு. கஞ்சி கூடக் கரைச்சுக் குடுத்துச்சு. 'நாங்க ரெண்டு பேரும் சேந்து செஞ்ச தப்புக்கா, அவ ஒரு நாளு வந்து சொல்லுவா, கோவிச்சுக்காதீக'ன்னு சொல்லிட்டுப் போச்சு. அன்னையிலருந்து அந்தப் புள்ளைக்குத்தான் பொட்டு வைக்கிறேன்." என் பக்கம் திரும்பி, "நீதான் எம்புட்டு நாளாக்கிட்ட" என்றார்.

ரெண்டு பேரும் சேர்ந்து. நீ என்னைக் காட்டிக்கொடுக்கவும் இல்லை, கழற்றி விடவும் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்த பாவத்துக்கு என்னையும் சேர்த்துக்கொண்டாய். நான் ஒரு நாள் வந்து சொல்லுவேன் என்று நம்பிப் போயிருக்கிறாய். நீ இருக்கும்போதே அந்த நாள் வரவில்லை என்பதுதான் இனி எனக்கு இறங்காத லோடு.

மதியத்துக்கு மேல் முதலாளியிடமும் போய்ச் சொன்னேன். வயதாகிவிட்டது அவருக்கு. "அந்தப் பொண்ண நான் திரும்ப வரச் சொல்லாம விட்டுட்டேனே" என்று மட்டும் சொன்னார்.

கதவைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். புதுப் பேனலில் லோடைக் கேட்டு, வெக்கையைக் கணக்கில் வைத்து, இரட்டிப்புக்கு மேலான ரிலே போட்டிருக்கிறேன். முன்னால் கான்டாக்டர் இருக்கிறது. சாயங்காலம் செல்வி அக்கா புது அடுப்பை ஓட்டிப் பார்த்து அணைத்தபோது 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டது, இருவரும் நிமிர்ந்து பார்த்துக்கொண்டோம். பசையை நான் கட்டைவிரலால்தான் தடவினேன். புதுக் கதவின் உள்ளே என் விரலை அழுத்தினேன். நடுவில் இல்லை, ஓரமாக. பக்கத்தில் இடம் விட்டு வைத்திருக்கிறேன்.