வளர்பிறையில் வைத்த கண் முகாம்

இன்று காலை சேத்துப்பட்டுப் பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்ததும், அண்டாவில் சாம்பார் சாதம் கொதிக்கும் வாசனை வந்தது. அந்த ஊர்ப் பெண்கள் கண் முகாமுக்குச் சமைத்துக்கொண்டிருந்தார்கள். பெருங்காயம் கொஞ்சம் தூக்கல், நீ போடுகிற மாதிரியே. வாசலிலேயே நின்றுவிட்டேன். நீ போய்ச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. வேறு யாரிடமும் சொல்ல வாய் வராததால் உனக்கு எழுதுகிறேன், சிநேகிதி.

நம் ஆரணி முகாமை நீ அமாவாசையில்தான் வைப்பாய். அன்றைக்குத் தறி ஓடாது. நெசவாளிகள் வீட்டில் இருப்பார்கள். எனக்கோ அன்றைக்குத்தான் விரதம், முன்னோர்க்குப் படையல். பள்ளிக்கூடம் போகாமல் பஞ்சாங்கத்தில் எழுத்துக்கூட்டிப் படித்தவள் நான். கண்ணில் கத்தி வைக்கிற காரியத்தை நல்ல நாள் பார்த்து ஆரம்பிக்கக்கூடாதா என்று ஒருமுறை கேட்டேன். காய் நறுக்கிக்கொண்டே சிரித்தாய்.

"நல்ல நாளு பாத்தா அவங்க கண்ணு கெட்டுச்சி? நீ இன்னாடி, பஞ்சாங்கத்த தூக்கிகினு வர. தறி ஓடற அன்னிக்கு சாமியே வந்து கூப்ட்டாலும் ஒருத்தனும் எழுந்து வர மாட்டான்."

"சாமிய இழுக்காத."

"சரி, இழுக்கல. நீ படையல் போட்டுட்டு மெதுவா வா. அரிசி பருப்பு கணக்கு உன்னுது. மத்த பேஜாரெல்லாம் என்னுது."

அரசாங்கப் பெரியாஸ்பத்திரி இருக்கிறது, வேன் அனுப்பி அழைத்துப்போய், இலவசமாக ஆபரேஷன் செய்து கொண்டுவந்து விடுகிற அறக்கட்டளை கண் மருத்துவமனை இருக்கிறது, நடுவில் நாம் எதற்கு என்று கேட்டதற்கும் உன்னிடம் பதில் இருந்தது. "கவுருமெண்டு கைல கட்டடம் கீது, சுகர் பாக்கற நர்ஸ் கீது. கண்ணாஸ்பத்திரி கைல டாக்டர் கீறாரு. ஜனங்க வூட்டுக் கதவத் தட்டறதுக்கு ரெண்டு பேர் கிட்டயும் ஆளில்ல. அதுக்குத்தான் நாம."

உனக்குப் பிறகு கண் மருத்துவமனையிலிருந்து எனக்குத்தான் போன் வந்தது. "வழக்கம்போல அமாவாசைதானேம்மா?" என்று கேட்டார்கள். "வளர்பிறை முகூர்த்தமா பாத்து வைங்க, ஜனங்களும் அதத்தான் கேக்கறாங்க" என்றேன். யாரும் கேட்கவில்லை. என் விரதத்துக்கு இடைஞ்சல் வரக்கூடாது என்பதை ஊரார் விருப்பமாக்கிச் சொன்னேன். சொன்னபோது பொய் மாதிரியே தெரியவில்லை.

முகூர்த்த நாட்களில் கல்யாணச் சேலைக்குக் கடைக்காரர்கள் எப்படிப் பறப்பார்கள் என்பது நம் ஊரில் குழந்தைக்கும் தெரியும். முகாமன்று தெருவெல்லாம் தறிச் சத்தம். பெஞ்சுகள் காலியாகக் கிடந்தன. பெரியாஸ்பத்திரிக் கண் பரிசோதகர் வாசலையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இலவசம்னா இந்த ஜனங்களுக்கு மதிப்பில்லம்மா. சேத்துப்பட்டுல கேட்டுகினே இருக்காங்க, அடுத்தது அங்கதான்" என்றார்.

"ஆமாங்க சார்" என்று தலையாட்டினேன். மீந்த சாதம் யார் வீட்டுக்குப் போனது என்பதைக்கூட அன்றைய கணக்கில் எழுதினேன். அந்தத் தலையாட்டலை எந்தப் பக்கத்தில் எழுதுவது?

நம் தெருக்கோடி நெசவாளிப் பெரியவர், கண்புரை இன்னும் கொஞ்சம் முற்றட்டும் என்று நீ இருந்தபோது டாக்டர் திருப்பி அனுப்பினாரே, அவர் வீட்டுக்குப் போனேன். அவர் தறியில் இருந்தார். மனைவி பக்கத்தில் நின்று, இழை அறுந்த இடத்தை அவர் விரலைப் பிடித்துக் காட்டிக்கொண்டிருந்தார். இந்தப் பாவு நூல் நெய்து முடிந்ததும் தறியை வேறு ஆளுக்குக் கொடுக்கப்போவதாக முதலாளி சொல்லிவிட்டாராம்.

"அந்தம்மா இருந்தா அமாவாசைக்கு வெச்சிருக்கும்" என்றார் அவர் மனைவி.

"சும்மா இரு. கூப்ட்டாங்க, நாமதான் போவல" என்று அவர் அடக்கினார்.

அப்போதும் நான் சொல்லவில்லை. சேத்துப்பட்டு முகாமுக்கு அழைத்துப்போகிறேன் என்று மட்டும் சொன்னேன். இன்று பஸ்ஸில் என் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

அங்கேயும் அதே பரிசோதகர்தான். "ஆரணிலேர்ந்து ஒருத்தர்தானா? உங்க தெருவாண்டயே வந்தமே, அன்னிக்கு எங்க போனீங்க?"

பெரியவர் கை கூப்பினார். பரிசோதகர் நின்ற இடம் தெரியாமல் தூணைப் பார்த்துக் கும்பிட்டார். "எங்க மேலதான் தப்பு சார். வேல வேலன்னு இருந்துட்டோம்."

"இவங்க மேல தப்பில்ல சார்" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொல்ல வேண்டியிருந்தது. "அமாவாசைய மாத்தினது நான். ஜனங்க கேட்டாங்கன்னு சொன்னது பொய்."

வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பரிசோதகர் கோபப்படவில்லை. "அன்னிக்கே சொல்றதுக்கு இன்னாம்மா? ஆரணில ஆர்வம் இல்லன்னு மேல எழுதிட்டேனே. மாத்தி எழுதிப் பாக்கறேன். மறுபடி முகாம் குடுப்பாங்களான்னு தெரியாது."

பெரியவரை ஆபரேஷனுக்கு எடுத்துக்கொண்டார்கள். வேன் படியைக் காலால் தேடி ஏறியவர், உள்ளே உட்கார்ந்ததும் நான் இருக்கும் பக்கமாக முகத்தைத் திருப்பினார். "மனசுல வெச்சிக்காதீங்கம்மா. நல்லதுக்குன்னுதான் பண்ணியிருப்பீங்க."

இல்லை என்று சொல்வதற்குள் கதவைச் சாத்திவிட்டார்கள்.

அந்த ஒரு பேச்சை வீடுவரைக்கும் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறேன். பூஜை விளக்கேற்றும்போதும் இறங்கவில்லை. கட்டவிழ்த்து அவர் திரும்பி வந்ததும் போக வேண்டும். என் சௌகரியத்துக்குத்தான் செய்தேன் என்று அவருக்கு நேராக நின்று சொல்ல வேண்டும். அப்போது அவருக்கு என் முகம் தெரியும்.